மாமனார் வீட்டுக் கூரையில் ஓர் ஆங்கில ஆசிரியர்

படித்தவன் செய்கிற முட்டாள்தனம் தனி ரகம். படிக்காதவன் ஒரு தப்பைச் செய்தால், தெரியாமல் செய்துவிட்டான் என்று ஊர் விட்டுவிடும். படித்தவனோ முதலில் யோசிப்பான், காரணம் கண்டுபிடிப்பான், சாட்சி சேர்ப்பான், தீர்ப்பெழுதுவான், அதற்கப்புறம்தான் குழியில் விழுவான். நான் பி.ஏ., பி.டி. இரண்டையும் முடித்தவன். ஆகவே என் குழி கொஞ்சம் ஆழம். (குழி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு குழி வருகிறது.)

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல் வட்டாரத்துப் பள்ளிகளில் லீவு வேகன்ஸி ஆங்கில வாத்தியாராக இருந்தேன். நிரந்தர வாத்தியார் யாராவது லீவில் போனால், அவர் திரும்பி வரும்வரை அந்த நாற்காலி எனக்கு. ஒரு டீச்சருக்குப் பிரசவம், ஒரு சாருக்கு மஞ்சள் காமாலை, இன்னொருவருக்குக் கால் முறிவு என்று அடுத்தவர் உடம்பை நம்பியே என் பிழைப்பு ஓடியது. ஐந்து வருஷத்தில் ஏழு பள்ளிகள். காமாலைக்காரர் சீக்கிரமே குணமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு நான் வருத்தப்பட்டிருக்கிறேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஏப்ரல் வந்தால் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பி, அப்பாவின் தோட்டத்தில் மல்லிகை மொட்டுப் பறிப்பேன்.

அப்போதுதான் எத்தியோப்பியாவில் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கில ஆசிரியர்கள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. சென்னையில் நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்பது நினைவில்லை. கேட்டதற்கெல்லாம் நான் மூச்சு விடாமல் பதில் சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். குறித்த வெள்ளிக்கிழமை பம்பாயில் ஆஜராக வேண்டும், சனிக்கிழமை கப்பல். ஆஜராகாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்கு வேலை போய்விடும் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியைத் தினமும் காலையில் ஒரு தடவையும் படுக்கப் போகுமுன் ஒரு தடவையும் படித்தேன். ஒருவருடைய லீவை நம்பாமல், எனக்கென்றே ஒரு நாற்காலி. அது ஆப்பிரிக்காவில் இருந்தால் என்ன, வேறெங்கோ இருந்தால் என்ன என்றுதான் தோன்றியது.

எல்லாருக்கும் சந்தோஷம். என் மாமனாரைத் தவிர. (அப்படித்தான் நான் அப்போது நினைத்தேன்.)

மாமனார் பெரியசாமி பூர்வீகத்தில் பழனிக்குப் பக்கம், நெய்க்காரப்பட்டிக்காரர். திண்டுக்கல்லுக்கு இரண்டு மைல் தெற்கே ஒரு சின்ன ஊரில் நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டவர். மனைவி இறந்து பல வருஷமாகியிருந்தது. ஒரே மகள் தங்கம். அவளைத்தான் எனக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனிதர் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ போட்டு மெதுவாக இறக்கி வைப்பார். உத்தரவு வந்த செய்தியைச் சொல்லப் போனபோது, மோர் கொடுத்து உட்கார வைத்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஏனுங் மாப்ளே, இங்க இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் இங்கிலீசு வேண்டாங்களா?”

நான் அதை மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். என் விசாரணையில் அதுதான் முதல் சாட்சி.

பயண நாள் செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல்லில் பிற்பகல் மூன்றரை மணி வண்டி. அன்றைக்குக் கிளம்பினால்தான் சென்னை போய், பம்பாய் வண்டி பிடித்து, வெள்ளிக்கிழமை போய்ச் சேர முடியும். ஆனால் செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். அப்பா என்னை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர் ஜோசியரிடம் போனார். நான் பள்ளிக்கூட அட்லஸைக் கையோடு எடுத்துப்போய், எத்தியோப்பியா வடக்கே இல்லை, மேற்கே இருக்கிறது, ஆகவே செவ்வாய்க்கிழமை தாராளமாகப் போகலாம் என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். ஜோசியர் அட்லஸைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

“தம்பி, மொதல்ல திண்டுக்கல்லுக்குத்தானே போகணும்? அது நம்ம ஊருக்கு வடக்க. காலெடுத்து வைக்கிற தெசைதான் தெச. அங்குட்டுக் கப்பல் எந்தப் பக்கம் போனா எனக்கென்ன?”

பூகோளப்படி அவர் சொன்னது சரிதான். அதற்கு அவரே பரிகாரமும் சொன்னார். பரஸ்தானம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நல்ல நாளும் வண்டி கிளம்பும் நாளும் ஒத்துவராவிட்டால், நல்ல நாளிலேயே பயணம் போகிறவருடைய பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வழியில் இருக்கும் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பொருள் கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பிவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம் எந்தச் சூலமும் குத்தாது. வைத்த பொருள் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்பதாக முடிவானது. வழியில் இருப்பது மாமனார் வீடு. இடமும் பொருத்தம்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் வீட்டில் அரை மணி நேரம் பேசினேன். ஏழு பள்ளிகளில் பேசிப் பழகிய குரல். பேசி முடித்ததும், “எதை வைக்கட்டும்? ஒரு வேட்டி போதுமா?” என்று கேட்டேன்.

“ஏலே, எது இல்லாட்டி நீ அங்குட்டுப் போய்ச் சேர முடியாதோ அதை வையிடா. வேட்டி எதுக்கு? அது அங்க போயி நிக்கவா போகுது?” என்றார் அப்பா.

அப்பாவின் தர்க்கத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஒரு சின்னத் தகரப் பெட்டியில் பாஸ்போர்ட், வேலை உத்தரவு, பட்டச் சான்றிதழ்கள், அம்மை குத்திய அத்தாட்சி, கப்பல் சீட்டு எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவே பஸ்ஸில் கொண்டுபோய் மாமனாரிடம் கொடுத்துவிட்டு வந்தார். “சாமி படத்துக்கிட்ட வச்சிருக்காரு சம்பந்தி. கவலைப்படாதே” என்றார்.

செவ்வாய்க்கிழமை. காலையில் நிலக்கோட்டைச் சந்தையில் பூவை இறக்கிவிட்டு வந்த வேனை அப்பா பேசி வைத்திருந்தார். கூடைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு நான், அப்பா, தங்கம், மாலைகளோடு எட்டுப் பத்துச் சொந்தக்காரர்கள் ஏறிக்கொண்டோம். நான் கோட்டு, சூட்டு, டை. எத்தியோப்பியா மலைநாடு, குளிரும் என்று கேள்விப்பட்டுத் திண்டுக்கல்லில் ஒரு தையல்காரரிடம் கம்பளிக் கோட்டுத் தைத்திருந்தேன். அவர் அதுவரை கல்யாண பேண்டு செட்டுக்காரர்களுக்குத்தான் கோட்டுத் தைத்தவர். பழக்க தோஷத்தில் தோளில் ஒரு மடிப்பும், கையில் பளபளவென்று இரண்டு பித்தளைப் பொத்தானும் அதிகமாக வைத்துவிட்டார். ஆவணி மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, மல்லிகை வாசனையோடு, வெந்துகொண்டே போனேன். தங்கம் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஒன்றரை மணிக்கு மாமனார் வீட்டு வாசலில் வேன் நின்றது. கதவில் பூட்டு.

முதலில் யாரும் பதறவில்லை. தோட்டத்துக்குப் போயிருப்பார், இதோ வந்துவிடுவார் என்றார்கள். ஓர் ஆள் தோட்டத்துக்கு ஓடினான். இல்லை. டீக்கடையில் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் களையெடுக்கப் போயிருந்தார்கள். மாலைகள் வேனில் வாடிக்கொண்டிருந்தன. மணி இரண்டு.

“பூட்டை ஒடைச்சிருவோம்ப்பா” என்றேன்.

அப்பா காதைப் பொத்திக்கொண்டார். “பயணம் கெளம்புற நேரத்துல சம்பந்தி வீட்டுப் பூட்டை ஒடைக்கிறதா? என்ன பேச்சுடா பேசுற? செத்த நேரம் பொறு. மனுசன் வந்துருவாரு.”

நான் பொறுக்கவில்லை. யோசித்தேன். அங்குதான் என் படிப்பு வேலை செய்தது. இன்று என்ன நாள் என்று மாமனாருக்குத் தெரியும். என்ன வண்டி என்று தெரியும். பெட்டியில் என்ன இருக்கிறது என்றும் அப்பா வாய் ஓயாமல் சொல்லியிருப்பார். எல்லாம் தெரிந்தும் பூட்டிக்கொண்டு போனால் என்ன அர்த்தம்? ‘இங்க இருக்கற புள்ளைங்களுக்கு இங்கிலீசு வேண்டாங்களா?’ ஒரே மகள். மருமகன் இன்றைக்குத் தான் மட்டும் போவான், நாளைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். மனிதர் திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார். எனக்குச் சந்தேகமே இல்லை.

“பின்பக்கம் போயி ஒரு தடவை பாத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு. பின்பக்கம் கூரை தாழ்ந்து, மாட்டுக் கொட்டகைச் சுவரோடு சேர்ந்திருக்கும். வைக்கோற்போர் மேல் ஏறி, கொட்டகைச் சுவரில் கால் வைத்து, கூரைக்குப் போய்விட்டேன். பூட்டை உடைக்கக் கூடாது என்றுதானே அப்பா சொன்னார்? ஓட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. (இதுவும் படிப்பு.) நாலு வரிசை ஓட்டைப் பிரித்து அடுக்கினேன். ஐந்தாவது வரிசையில் ஒரு சட்டத்தில் காலை ஊன்றினேன். சட்டம் படக்கென்று முறிந்தது. இடுப்புவரை உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டேன். கால்கள் மாமனாருடைய நெல் குதிருக்கு மேலே அந்தரத்தில் ஆடுகின்றன. கூரைக்கு மேலே கோட்டும் டையும்.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்து வரப்பில் மண்வெட்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் என்னை வேட்டியில்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் கல்யாணத்தன்று, மாலைக்கு நடுவில்.

“ஏலே, அங்க பார்றா! பெரியசாமி அண்ணன் வீட்டு ஓட்டைப் பிரிச்சு ஒருத்தன் உள்ள எறங்குறான்!”

“பேண்டு செட்டுக்காரன் மாதிரில்ல இருக்கான்!”

நான் யார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தியோப்பியாவுக்காக மூன்று மாதமாக ராப்பகலாய்ச் சத்தம் போட்டுப் பேசிப் பழகியதன் பலன், பயத்தில் எனக்கு ஆங்கிலம்தான் வந்தது. “ஐ ஆம் எ டீச்சர்! ஐ ஆம் எ டீச்சர்!” என்று கூரையில் இருந்து கத்தினேன். சென்னை நேர்முகத் தேர்வில்கூட உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

“இங்கிலீசுல வையிறான்யா. வெளியூருக் களவாணிதான். இழுத்துப் போடு கீழ!”

ஒருவன் கூரையேறி என் டையைப் பிடித்தான். இன்னொருவன் மாட்டுக் கயிற்றை என் கக்கத்தில் கொடுத்துக் கட்டினான். இருவரும் சேர்ந்து ஒரே இழுப்பு. கூரைச் சரிவில் உருண்டு, முப்பது நாற்பது ஓடுகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த எருக்குழியில் போய் விழுந்தேன். (சொன்னேன் அல்லவா, குழி.) முழங்கால்வரை புதைந்து நின்ற என்னை மேலே ஏற விடாமல் மண்வெட்டியைக் காட்டிக்கொண்டு காவல் நின்றார்கள்.

சத்தம் கேட்டு முன்வாசலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் தங்கம். குழியில் நிற்கிற என்னைப் பார்த்தாள். பிரிந்து கிடக்கிற தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.

“அண்ணே, அந்தக் கயித்த விடுங்க. அவரு எங்க வீட்டுக்காரரு” என்றாள்.

அந்த இருவரும் கயிற்றை விட்டு, மண்வெட்டியை விட்டு, “அய்யய்யோ, மாப்ளைங்களா!” என்று தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். களையெடுத்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களும் சத்தம் கேட்டு வந்து கூடிவிட்டார்கள். அவர்களோடு ஓடி வந்த பக்கத்து வீட்டு மாரியக்காவிடம் அப்பா பெட்டியைப் பற்றிக் கேட்டார்.

“பெட்டியா? பெட்டி வீட்டுக்குள்ள எங்க இருக்கு? விடியறதுக்கு முன்னாடியே அண்ணன் பெட்டியத் தலையில வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாரே! நெய்க்காரப்பட்டிக்கு அக்காவைப் பாக்கப் போகணும்னு நேத்தே சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

நெய்க்காரப்பட்டி அங்கிருந்து நாற்பது மைல். நான் தேடிய கடைசி சாட்சி தானாக வந்து நின்றுவிட்டது.

இனி நான் சொல்லப் போவதை எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எருவும் வைக்கோலும் ஒழுக, அந்த ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேருக்கு நடுவில், நான் தமிழில் பேச ஆரம்பித்தேன். அவன் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான் என்றேன். ஆம், அவன் என்றேன். தோளில் கைபோட்டுப் பேசும் நண்பனைக்கூட நான் அவர் இவர் என்று சொல்கிறவன். சொந்த மாமனாரை, அவர் வாசலிலேயே, அவருக்குத் துண்டு இறக்கி நிற்கிற ஜனங்களுக்கு முன்னால் அவன் என்றேன். கட்டிக் கொடுத்த பிறகும் மகளை விட மனமில்லாத கிழவன் என்றேன். கூட இருந்தே கழுத்தறுத்துவிட்டான் என்றேன். கடைசியாக, “இந்த வீட்டுல பொண்ணு எடுத்ததே தப்பு” என்றேன்.

அப்பா என் வாயைப் பொத்த வந்தார். அதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.

தங்கம் அழவில்லை. என் கோட்டில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுக்க நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள். அப்பாவிடம் திரும்பி, “மாமா, எங்க அப்பா அப்பிடிச் செய்யமாட்டாரு. மணி ஆகுது. வேனை ஸ்டேசனுக்கு விடச் சொல்லுங்க” என்றாள்.

“பெட்டி இல்லாம ஸ்டேசனுக்குப் போயி என்னம்மா செய்ய?”

“போவோம் மாமா.”

அவள் குரலுக்காகப் போனோம். வேறு ஒரு காரணமும் இல்லை. வேனுக்குள் எருக்குழி வாசனைக்கு முன்னால் மல்லிகை எடுபடவில்லை.

ஸ்டேஷனில் நுழைந்தபோது மூன்றேகால். பிளாட்பாரத்துத் தூண் ஒன்றில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் மாமனார். சலவை வேட்டி, புதுத் துண்டு, நெற்றி நிறைய விபூதி. மடியில் என் தகரப் பெட்டி. கண் அசந்தால் யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ என்று பெட்டியின் கைப்பிடியைப் பழைய துண்டால் தன் மணிக்கட்டோடு முடிச்சுப் போட்டிருந்தார். காலை ஆறு மணியில் இருந்து அப்படியே இருந்திருக்கிறார். குழாய் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. பெட்டியோடு கூட்டத்துக்குள் போக வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “என்னங் சம்பந்தி, இத்தனை நேரமாச்சு? எனக்கு ஒரே கலக்கமாப் போச்சுங்க.”

அப்பா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “இல்ல சம்பந்தி… பெட்டியை வீட்டுல வந்து எடுத்துக்கிறதுதானே வழக்கம்… அங்க போயிட்டு…”

“அதெப்புடிங்க? பயணம் கெளம்புன மனுசன் நடுவழியில இன்னொரு வீட்டுப் படி ஏறலாமுங்களா? எங்க பக்கமெல்லாம் பொட்டிய வாங்கி வச்சவங்கதானுங்க கொண்டாந்து ஏத்தி உடோணும். அதுதானுங்க முறை. மாப்ளைய ஏத்தி உட்டுட்டு அப்புடியே பழனி பஸ்ஸப் புடிச்சு அக்காளையும் பாத்துட்டு வந்தரலாமுன்னு வீட்டப் பூட்டிட்டு வந்துட்டனுங்க. நீங்க நேரா இங்க வருவீங்கன்னுதான்…”

இதுதான் நடந்தது. நாற்பது மைல் தள்ளி அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை. எங்கள் பக்கம் பயணக்காரன் போய் எடுத்துக்கொள்வான். அவர்கள் பக்கம் வைத்தவர் கொண்டுவந்து கொடுப்பார். உலகத்துக்கே ஒரே முறைதான் என்று இரண்டு பக்கமும் நினைத்ததால் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. அட்லஸில் எத்தியோப்பியாவைத் தேடிப் பிடித்த நான், மனைவியின் ஊர் வழக்கத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாமனார் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். “ஏனுங் மாப்ளே, கோட்டெல்லாம் என்னாச்சுங்க?”

“வேன் சேத்துல மாட்டிக்கிச்சு சம்பந்தி. எறங்கித் தள்ளிவிட்டான்” என்றார் அப்பா. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

மாமனார் தன் தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து என் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். தோள், கை, பொத்தான் என்று பொறுமையாகத் துடைத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. விழுந்தால் ஏன் என்று கேட்பாரே, சொல்ல வேண்டி வருமே என்ற பயம். வண்டி வந்துவிட்டது. மாலை போட்டார்கள். பெட்டியை அவரே ஏறி வைத்தார்.

“பாப்பாவ நான் பாத்துக்கறனுங்க மாப்ளே. நீங்க அந்தப் புள்ளைங்களுக்கு நல்லாச் சொல்லிக் குடுங்க” என்றார். (அவருக்குத் தங்கம் எப்போதும் பாப்பாதான்.)

தங்கம் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். “போயிச் சேந்ததும் கடுதாசி போடுங்க” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் என் டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எத்தியோப்பியாவில் எனக்குக் கிடைத்தது மலைமேல் ஒரு சின்ன ஊர். எட்டாம் வகுப்பில் பதினான்கு வயதுக்காரரும் இருந்தார்கள், இருபத்திரண்டு வயதுக்காரரும் இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நின்று தலை குனிவார்கள். நல்ல பிள்ளைகள். முதல் ஆறு மாதம் என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. இரு தரப்பும் மரியாதையாகச் சகித்துக்கொண்டோம். புரிய ஆரம்பித்ததும் பேச்சுப் பயிற்சி வைத்தேன். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் பட்ட ஓர் அவமானத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் கூச்சத்தைப் போக்க நானே ஆரம்பித்து வைத்தேன். கூரை, சட்டம், டை, எருக்குழி எல்லாம் சொன்னேன். வகுப்பு உருண்டு சிரித்தது. அவரைச் சந்தேகப்பட்டதையும், ஸ்டேஷனில் பெட்டியோடு அவர் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். சிரிப்பு மெல்ல நின்றது. கடைசி வரிசையில் அல்மாஸ் என்ற பெண், வகுப்பிலேயே மூத்தவள், எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

“அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா, சார்?”

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத கேள்வி. நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கே மாமனாருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். ஒன்றையும் மறைக்காமல், நான் சொன்ன வார்த்தைகளைச் சொன்னபடியே எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தங்கம்தான் படித்துக் காட்டுவாள் என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. அந்த வார்த்தைகளை அவள் வாயாலேயே அவள் அப்பாவிடம் சொல்ல வைத்துவிட்டேன்! மூளை எனக்கு எப்போதும் தபாலுக்குப் பின்னால்தான் வரும்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. மாமனார் சொல்லச் சொல்லத் தங்கம் எழுதியது. தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. செம்பட்டிச் சந்தையில் ஒரு ஜோடி மாடு பிடித்தேன். அக்காவுக்கு உடம்பு தேவலை. கடைசியில் இப்படி இருந்தது: ‘பின்பக்கத்துக் கூரைய மாத்தியாச்சுங்க மாப்ளே. சட்டமெல்லாம் உளுத்துப் போயிருந்துச்சுங்க. நீங்க ஏறிப் பாக்காம இருந்திருந்தா, ஐப்பசி மழைக்கு என் தலமேலதான் விழுந்திருக்கும். நல்ல நேரத்துல காட்டிக் குடுத்தீங்க.’

படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், இடிந்து கிடந்த கூரையைப் பார்க்காமலா இருந்திருப்பார்? ஊர் அவரிடம் ஒன்று விடாமல் ஒப்பிக்காமலா இருந்திருக்கும்? என் கடிதம் போகுமுன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் தங்கத்தின் கடிதத்தில் ‘மாப்ளைய குளிருக்குப் பத்திரமா இருக்கச் சொல்லு’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலில் தங்கத்தின் சொந்த வரி ஒன்றுகூட இல்லை.

இரண்டு வருஷம் முடித்து லீவில் வந்தபோது அவர் காலில் விழுந்தேன். “அட, எந்திரிங்க மாப்ளே, ஓடு புதுசு, ஏறறதுன்னா தாராளமா ஏறுங்க” என்று சிரித்தார். அவர் வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த ஒப்பந்தத்துக்குத் தங்கத்தையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவையும் பரஸ்தானம் அவர் வீட்டில்தான். விடியற்காலையில் நானும் அவரோடு போய், அந்தத் தூணடியில் உட்கார்ந்துகொண்டேன். மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். போதும் போதும் என்று சொல்லும்வரை கொடுத்தேன்.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. நான் மொத்தம் பதினோரு வருஷம் அங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். என்னிடம் படித்தவர்களில் டாக்டர்கள் உண்டு, வாத்தியார்கள் உண்டு. சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், “மாமா வந்துட்டாரு, ஓட்டை எண்ணி வைங்கடா” என்று ஒரு குரல் வரும். இப்போதெல்லாம் எல்லாம் மொட்டை மாடிகள். “தண்ணித் தொட்டி மூடியைப் பூட்டுங்கடா” என்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் கத்தியதை நடித்துக் காட்ட வேண்டும். எருக்குழி வரும்போது சிரித்துப் புரளுவார்கள். தங்கமும் கூட உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

குழியில் இருந்து நான் எழுந்து வந்து பேச ஆரம்பிக்கிற இடம் வரும். அந்த இடத்தில் மட்டும் அவளுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிடும். எழுந்து உள்ளே போய்விடுவாள். ஐம்பது வருஷமாக நானும் போய்ப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றும் இருப்பதில்லை.